மதலேன் எதையும் துறக்கவில்லை

செய்தி வந்தபோது நான் திண்டிவனத்துத் தாய்சேய் நல விடுதியில் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஆயா குப்பம்மாள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"யம்மா, மதலேன் சிஸ்டர் பூட்டாங்களாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில, நேத்து சாயங்காலம். இப்ப வண்டியில எடுத்துக்கினு வர்றாங்களாம்."

உள்ளே பிறந்த குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்தேன். தாய்க்குக் கஞ்சி வைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். வேலையைப் பாதியில் விட்டு ஓடியிருந்தால் மதலேனே என்னைத் திட்டியிருப்பாள். முப்பத்து மூன்று வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனவள் அவள். எனக்கும் அதே வயதுதான்.

நம் நர்சுகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுங்கள் என்றும் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். மதலேன் கோபக்காரி. அவளிடம் நான் கண்ட முதல் நல்லது அதுதான். அவளோடு வேலை பார்த்த சகோதரிகளே, உங்களுக்கு இது தெரியும். அப்படியிருந்தும் அடக்கம் முடிந்த அடுத்த வாரம் விழுப்புரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நாம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் பல ஆண்டுகள் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்து சமீபத்தில் ஓய்வு பெற்றவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. "மேற்படிப்பு வாய்ப்புகள் தேடி வந்தபோதும் ஏழைத் தாய்மார்களுக்காக அவற்றைத் துறந்த தியாகச் செல்வி மதலேன்" என்றார். "ஒருநாளாவது அவர் முகம் சுளித்து நாம் பார்த்ததுண்டா? பொறுமையே வடிவானவர்" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அவ எதையும் துறக்கல. நீங்க குடுக்கல" என்றேன். பின்னாலிருந்து ஒரு கை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. "உக்காருங்கம்மா, துக்கக் கூட்டத்துல இன்னா இது?" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குள் மேடையில் ஜெபப்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மதலேனை நான் முதலில் பார்த்தது ரயிலில். சென்னையில் நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கியிருந்த புதிது. அதுவரை நர்ஸ் என்றால் சர்டிபிகேட் படிப்பு மட்டும்தான். எங்கள் வீட்டார் மல்லாட்டையும் கேப்பையும் பயிர் செய்து பிழைக்கிறவர்கள். நான் அந்தப் படிப்புக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் என் பெரியப்பா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அழுத முகத்தோடு திண்டிவனத்தில் வண்டி ஏறினேன். விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தகரப்பெட்டிமேல் கல்லூரியின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

"நீயும் நர்சிங்கா? இன்னாத்துக்கு அழுதுக்கினு வர்ற? பழம் தின்னு" என்று பாதிப் பழத்தை நீட்டினாள்.

அவள் அப்பா சவரிமுத்து விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். மகள் கான்வென்டில் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் வேறு ஆசைப்பட்டதும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, அவரே பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் எங்களை விசாரித்தார். பட்டப்படிப்பு என்றதும் சிரித்தார். "நர்ஸுக்கு எதுக்கும்மா பட்டம்?"

"டாக்டருக்கு எதுக்குங்க?" என்றாள் மதலேன்.

பெரியவர் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வயதில் அவள் சொன்ன பதில் அது. அப்படிப்பட்டவளைத்தான் பொறுமையின் வடிவம் என்கிறார்கள்.

கல்லூரியில் எங்களுக்குப் பொதுச் சுகாதாரம் நடத்தியவர் வெளியிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோன ஒரு பெண் டாக்டர். வார்டில் இரவெல்லாம் நின்றுவிட்டு வகுப்புக்கு வரும் நாங்கள் பாதிப் பேர் தூங்கிவிழுவோம். ஒருநாள் அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரியில் நாம் கட்டிலில் கிடப்பவரைப் பார்க்கிறோம். அவர் ஏன் இங்கே வந்தார், அவர் தெருவில் இன்னும் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று பார்ப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது." வகுப்பு முடிந்ததும் மதலேன் அவர் பின்னாலேயே மாடிப்படியில் இறங்கிப் போனாள். நானும் போனேன்.

"இத மட்டும் தனியாப் படிக்க முடியுமா டாக்டர்?"

"முடியும். இந்தப் பட்டத்தை முதலில் முடி. இரண்டு வருஷமாவது கிராமத்தில் வேலை பார். டில்லியில் நர்சுகளுக்கு எம்.எஸ்ஸி. வரப்போகிறது. அதில் பொதுச் சுகாதாரத்தை எடுத்துக்கொள். அதற்கு மேலும் போகலாம். ஆனால் சர்க்கார் உன்னைப் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும்."

கடைசி வாக்கியத்தை அன்று நாங்கள் இருவருமே காதில் வாங்கவில்லை. விடுதிக்கு நடந்து வரும் வழியெல்லாம் மதலேன், "எனக்கு வழி தெரிஞ்சிபோச்சு வேதா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று தெரிந்துகொண்டவள்போல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள்.

பட்டம் வாங்கியதும் எனக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. எனக்கு மேலே படிக்கும் ஆசை இல்லை. பிரசவ அறையே எனக்குப் பிடித்திருந்தது. மதலேனைத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். பெண்ணையாற்றங்கரை ஊர்களில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வண்டித் தடத்தில் அவள் சைக்கிளில் போவாள். சைக்கிளில் போகும் நர்சைப் பார்க்க முதலில் ஊரே கூடியதாம். பிறகு வழிவிட்டு ஒதுங்கப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் லீவில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அப்போதுதான் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். குடியானவர் வீடு. அஞ்சலை என்ற இளம் பெண்ணின் மடியில் ஒரு வாரக் குழந்தை விறைத்துக் கிடந்தது. வாய் இறுகி மூடியிருந்தது. தொட்டால் வில்லாக வளைந்தது. ரண ஜன்னி என்கிற டெட்டனஸ். எங்கள் இருவருக்கும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மூணாவதும் இப்பிடியே ஆயிப்போச்சே சிஸ்டர்" என்றாள் அஞ்சலை. "நல்லாத்தான் பால் குடிச்சிக்கினு இருந்துச்சு. நேத்துலேருந்து வாயே தொறக்கல. எம்மேல இன்னா தோஷம் கீதுன்னு தெரியலியே."

"உம்மேல ஒரு தோஷமும் இல்ல. கொடி அறுத்த அருவாள்லதான் கீது. அதுமேல வச்ச சாணிச் சாம்பல்லதான் கீது."

மாமியார்க்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா பேசற? அந்த அருவாள்லதான் எம்புள்ளைங்க ஆறும் பொறந்துச்சு."

"ஆறும் கீதா?"

அந்த அம்மாள் மெதுவாக, "நாலு கீது" என்றாள். சுவரோரம் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. மதலேன் அவளருகே போய் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள். ஆனால் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தை அன்று மாலையே போய்விட்டது.

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "ஒரு ஊட்டுல சொல்லிட்டேன். அடுத்த ஊட்டுக்கு யாரு சொல்றது? எந்த ஊருல ஜாஸ்தி சாவுது, சுத்தமா பிளேடு குடுத்தா போதுமா, மாசமா இருக்கச்சவே தாய்க்கு ஊசி போட்டா நிக்குமா, எதுவும் எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசுனா எவனும் கேக்கமாட்டான். எப்படிக் கணக்கெடுக்கறது, எப்படி நிரூபிக்கறதுன்னு கத்துக்குடுக்கற எடம் டில்லியில கீது. நான் போயே ஆவணும் வேதா."

அவள் டில்லிக்குப் போக ஆசைப்பட்டதன் காரணம் இதுதான். பெயருக்குப் பின்னால் எழுத்துச் சேர்த்துக்கொள்ள அவள் ஆசைப்பட்டதாக அலுவலகத்தில் சிலர் பேசினார்கள். ஆசைப்பட்டிருந்தால்தான் என்ன தப்பு? ஆனால் அஞ்சலையின் இறந்துபோன குழந்தைக்கும் அந்தப் படிப்புக்கும் நடுவே அவள் கண்ட வழியை அந்தப் பேச்சுக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை.

முதல் தடவை விண்ணப்பித்தபோதே பல்கலைக்கழகம் அவளைத் தேர்ந்தெடுத்தது. மேலதிகாரி விடவில்லை. உதவித்தொகையில் படித்ததால் ஐந்து ஆண்டு சர்க்கார் வேலை பார்ப்பதாக நாங்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தோம். அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அது நியாயம்தான் என்று மதலேனும் ஒப்புக்கொண்டாள். திரும்பிப் போய் வேலையைப் பார்த்தாள்.

அந்த ஐந்தாண்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். சென்னையில் பொதுச் சுகாதார மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்களைக் கிராமப் பயிற்சிக்காக அவளுடைய நிலையத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஊர் ஊராக அழைத்துப்போய், யார் வீட்டில் எப்படிப் பேச வேண்டும், கிணற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டும் வேலை மதலேன் தலையில் விழுந்தது. மேற்படிப்புக்காரர்களுக்குக் களப்பயிற்சி கொடுக்க அவள் வேண்டும். அவள் மேற்படிப்புக்குப் போக மட்டும் கூடாது.

மதலேன் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "உங்க லைப்ரரியிலேருந்து புஸ்தகம் எடுத்தாந்து குடுங்க டாக்டர். அப்பத்தான் நான் ஊருக்குள்ள கூட்டிக்கினு போவேன்." அவர்கள் விளையாட்டு என்று நினைப்பார்கள். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவாள். மூன்றாம் நாள் புத்தகம் வந்துவிடும். இப்படித்தான் புள்ளியியலையும் நோய்ப்பரவல் இயலையும் படித்தாள். புரியாத இடத்தில் புத்தகம் தந்தவரையே நிறுத்திவைத்துக் கேட்பாள். ஒரு டாக்டருக்குப் பதில் தெரியாமல் போய், "சிஸ்டர், எங்க எக்ஸாமைவிட நீங்க பேஜாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். இதைச் சொல்லி அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று நிறுத்திவிட்டு, "ஆனா சொல்லிக்குடுக்க ஆளில்லாம எத்தினி நாளு இப்பிடிப் படிக்கறது? பாதி தப்பாத்தான் புரிஞ்சிக்கினு இருப்பேன்" என்றாள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமே கிடையாது. அதனால்தான் அவள் வகுப்பறை கேட்டாள்.

ஒப்பந்தக் காலம் முடிந்தது. மறுபடி விண்ணப்பித்தாள். பதிலே வரவில்லை. நேரில் போகலாம் என்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். மாவட்ட அலுவலகத்தில் மேலதிகாரி எங்களை நிற்கவைத்தே பேசினார்.

"நீ டில்லி போயிட்டா இங்க ஊசி போடறது யாரும்மா?"

"நான் வர்றதுக்கு முன்னாடி யார் போட்டாங்களோ அவங்க போடட்டும் சார்."

"இந்த ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்கள் வேலை. நர்ஸுக்கு எதுக்கு?"

"டாக்டருங்க பண்ணட்டும் சார். அந்த ஊருங்கள்ல இதுவரைக்கும் யாராவது பண்ணியிருக்காங்களா?"

அவர் முகம் சிவந்தது. "வெளியே வெயிட் பண்ணு" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். "கையெழுத்து வாங்காம எழுந்திருக்க மாட்டேன்" என்றாள் மதலேன். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலமும் ஆயிற்று. பியூன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார் அப்பவே பின்பக்கமா ஜீப்புல கெளம்பிட்டாரும்மா. நீங்க ஊட்டுக்குப் போங்க, பஸ்ஸு பூடும்."

மதலேன் பெரிதாகச் சிரித்தாள். "என்னப் பாத்துட்டு ஒரு ஆபீசர் பின்வாசல்ல ஓடறார் பாரு வேதா!" பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டேதான் வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். விழுப்புரம் வரும்வரை அழுதாள். நான் கையைப் பிடித்தபோது உதறிவிட்டாள்.

அடுத்த மாதமே அவளைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து அவளைப் பிரிப்பதற்காகத்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். எனக்கு மட்டும் அதில் ஒரு லாபம், அவள் என் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

மூன்றாவது விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு வெகு முன்பே கொடுத்தாள். தேர்வுக் குழுவுக்கு அனுப்பினாலே போதும். அது மேலதிகாரியின் மேஜையில் கிடந்தது. தேதி கடந்த பிறகு அனுப்பினார்கள். காலதாமதமாக வந்ததால் பரிசீலிக்க இயலாது என்று டில்லியிலிருந்து பதில் வந்தது. மறு ஆண்டு அவளுக்கு முப்பது வயது முடிந்துவிட்டது. சர்க்கார் பெயர் சொல்லி அனுப்புவதற்கு வயது வரம்பு முப்பது. கதவு அத்தோடு சாத்தப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். முதலில் காலம் ஆகவில்லை என்றார்கள். பிறகு ஆள் இல்லை என்றார்கள். பிறகு தேதி போய்விட்டது என்றார்கள். கடைசியில் வயது போய்விட்டது என்றார்கள். அந்த வயதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் யார்? அவள் வீணாக்கியதா? கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நர்சின் காகிதம் மேஜையில் கிடப்பது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது.

வயது வரம்பைக் காட்டிப் பதில் வந்த அன்று அவள் வழக்கம்போல் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்குக் கிளம்பினாள். அன்று திண்டிவனத்தில் அவளிடம் திட்டு வாங்காத ஆள் இல்லை. ஈ மொய்த்த பலகாரத் தட்டை மூடாத ஓட்டல்காரர் வாங்கினார். குழாயடியில் சாக்கடை தேங்கவிட்ட மேஸ்திரி வாங்கினார். பிள்ளைக்கு அம்மை ஊசி போடாமல் ஒளித்துவைத்த ஒரு வாத்தியார் வாங்கினார். திரும்பி வந்து என் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தாள். "ஒரு பிரயோஜனமும் இல்ல. யாரத் திட்டணுமோ அவன் இந்த ஊருலயே இல்லியே" என்றாள்.

பிறகு தெரிந்த அளவைக் கொண்டு செய்யத் தொடங்கினாள். ஒரு புதிய பிளேடு, கொதிக்கவைத்த நூல், சுத்தமான துணி. இவற்றை ஒரு பொட்டலமாகக் கட்டி, மாசமாக இருக்கும் பெண்களுக்கு ஏழாம் மாதமே கொடுத்துவிடுவாள். நானும் ஆயாக்களும் உட்கார்ந்து கட்டினோம். மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு, சண்டை போட்டு, காப்பி கொடுத்து, மறுபடி சண்டை போட்டு அவர்களை வழிக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் நடந்த தெருக்களில் ரண ஜன்னியில் சாகும் குழந்தைகள் குறைந்தன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுத முடியும். எவ்வளவு குறைந்தது, எதனால் குறைந்தது என்று சொல்லும் கணக்கு எங்களிடம் இல்லை. அந்தக் கணக்கை எடுக்கக் கற்றுக்கொள்ளத்தான் அவள் லீவு கேட்டாள்.

அந்தப் பொட்டலம் ஒரு பொருட்காட்சியில் எங்கள் இலாகாவின் சாதனை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் மேலதிகாரியின் போட்டோ இருந்தது. மதலேன் அதைப் பார்த்துவிட்டு, "துணிய மடிச்சி வச்சிருக்கறதே தப்பு, அழுக்குக் கையால தொட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவள் கால்கள் வீங்கத் தொடங்கின. ஊரில் எல்லோரையும் டாக்டரிடம் துரத்தியவள், தன்னுடையதை நின்று வேலை செய்வதால் வந்த வீக்கம் என்று தள்ளிப்போட்டாள். முகமும் வீங்கிய பிறகுதான் சென்னைக்குப் போனாள். நாங்கள் மாணவிகளாக நின்ற அதே ஆஸ்பத்திரி. நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது மெலிந்து, தோல் கறுத்து, கட்டிலில் சாய்ந்திருந்தாள். சவரிமுத்து ஐயா காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் புதிய உத்தரவு வந்திருந்தது. வேலையில் இருக்கும் நர்சுகள் மேற்படிப்புக்குப் போக வயது வரம்பை முப்பத்தைந்துக்கு உயர்த்திவிட்டார்கள். அவள் மேலிடங்களுக்கு ஓயாமல் அனுப்பிய மனுக்களும் அதற்கு ஒரு காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன். அவளிடம் எதையும் மறைக்க எனக்கு வராது.

"யாராவது போவட்டும். ஜல்தியா போவச் சொல்லு, மறுபடியும் மாத்திடுவானுங்க" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. "எனக்கு சந்தோஷமா இல்ல வேதா. அவளுக்கு ரொம்ப சந்தோஷம், மத்தவங்களாவது படிக்கறாங்களேன்னு பூரிச்சிப்போனான்னு வெளியே போய்ச் சொல்லிடாத. எனக்கு வயித்தெரிச்சலா கீது. நான் போயிருக்கணும்."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

"நான் போனப்புறம் என்னப் பத்தி நல்லா பேசுவாங்க. உட்டுடாத."

சென்ற ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் ரயில்வே குடியிருப்புக்குப் போய் சவரிமுத்து ஐயாவைப் பார்த்தேன். பூசை முடிந்து வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எதையோ கேட்கவேண்டும் என்று நெடுநேரம் தயங்கிக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல அந்த ஆபீசரு பேசுனாரேம்மா, தியாகம்னு. எல்லாரும் வந்து என் கையப் புடிச்சிக்கினு பெருமைப்படுங்கன்னு சொன்னாங்க. எனக்குப் பெருமையா இல்லியேம்மா. நான் பெருமைப்படணுமா?"

"வேணாங்கய்யா. கோவப்படுங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை என்று மதலேனின் தங்கை பிறகு சொன்னாள். கொஞ்சம் தேறியதும் கல்லறையில் என்ன எழுதுவது என்று கேட்டார். பெயரும் அவள் வாங்கிய பட்டமும் போதும் என்றேன். தியாகம் என்ற சொல் அந்தக் கல்லில் வரவே கூடாது என்றேன். "சரிம்மா. நான் பக்கத்துலயே நின்னு வெட்டச் சொல்றேன்" என்றார்.

மதலேனுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வாட்சையும் சைக்கிளையும் தங்கை எடுத்துக்கொண்டாள். நான் எதையும் கேட்கவுமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொன்ன "எனக்கு சந்தோஷமா இல்ல" என்ற வார்த்தை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை இனிப்புத் தடவாமல், அவள் சொன்னது சொன்னபடி வைத்திருக்கிறேன். அவளைப் பொறுமைசாலி என்று யார் எந்த மேடையில் சொன்னாலும் எழுந்து நின்று அதைச் சொல்வேன். சேலைத் தலைப்பை யார் இழுத்தாலும் சரி, இனி உட்காரமாட்டேன்.